நிதி தந்தவர் கையில் என்ன கொடுக்கிறோம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் தமிழில் நூல் போடுவோரும் குறும்படம் எடுப்போரும் நாடகம் மேடையேற்றுவோரும் இப்போது பொதுமக்களிடம் வெளிப்படையாக நிதி கேட்டு அறிவிப்பு விடுகிறார்கள். ஒரு தனவந்தரின் வாசலில் போய் நிற்பதைவிட முந்நூறு பேரிடம் ஆளுக்குக் கொஞ்சம் கேட்பது எவ்வளவோ மேல். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. எங்களை எழுத வைத்தது அறிவிப்பின் கீழே வரும் கைம்மாறுப் பட்டியல்தான். 1,000 ரூபா தந்தால் கீ டாக், 3,000 தந்தால் தேநீர்க் கோப்பை, 5,000 தந்தால் டீசேர்ட். கவிதை நூலுக்கும் இதே பட்டியல், நாடகத்துக்கும் இதே பட்டியல். சேர்ந்த பணத்தில் பாதியை இந்தப் பட்டியலே தின்றுவிடும். அச்சிலும் பதிப்பிலும் வேலை செய்பவர்கள் என்ற முறையில், இதற்குப் பதிலாக என்ன செய்யலாம், எங்கே பிழைக்கும் என்று விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

முன்பணம் வாங்கி நூல் போடுவது நமக்குப் பழக்கமான காரியம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கித்தான். இன்றைக்கும் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போனால் முதற்பிரதி ஒருவருக்கு, பிறகு சிறப்புப் பிரதிகள் வரிசையாக என்று பெயர் சொல்லி அழைப்பார்கள். மேடையேறுகிறவர் கையில் ஓர் உறை இருக்கும். அதனுள் இருக்கும் தொகை நூலின் விலையைவிடக் கூட என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அதற்கு மேலே கோப்பை கேட்பதில்லை. பெயர் சொல்லி அழைத்தது, கையில் வாங்கிய பிரதி, அந்த வேளையில் எடுத்த படம், இவ்வளவும் அவருக்குப் போதும். இந்த மூன்றையும் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருப்பவருக்கு எப்படிக் கொடுப்பது என்று யோசித்தாலே நல்ல கைம்மாறு பாதி கிடைத்துவிடும்.

வெளியூர் உதாரணம் வேண்டுமென்றால் 1885க்குப் போகலாம். நியூயோர்க்கில் சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதவில்லை. ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில் வேண்டுகோள் விட்டு, தந்தவர் எல்லோருடைய பெயரையும் தொகை பாராமல் அச்சிட்டார். ஏறக்குறைய 160,000 பேர் தந்தார்கள், ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலோர் தந்தது ஒரு டொலருக்கும் குறைவு. பீடத்துக்குப் பொறுப்பான குழு ஒரு டொலருக்கு 6 அங்குலச் சிலையும் 5 டொலருக்கு 12 அங்குலச் சிலையும் கொடுத்தது. அதுவும் எந்தச் சிலைக்காகப் பணம் திரட்டினார்களோ அதே சிலையின் சிறு வடிவம். பொதுமக்களிடம் நிதி திரட்ட 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளம் சொல்வதும் இதைத்தான்: கைம்மாறு அந்த ஆக்கத்திலிருந்து பிறந்ததாக இருக்கவேண்டும். எங்கோ வாங்கிய பொருளைக் கைம்மாறாகக் கொடுக்க அங்கே அனுமதியே இல்லை.

கோப்பை ஏன் கூடாது என்பதற்கு நிறுவைக் கணக்கே போதும். சாதாரண பீங்கான் மக் ஒன்று 350 கிராம் வரும். உடையாமல் இருக்க 15 சென்ரிமீற்றர் சதுரப் பெட்டிக்குள் வைத்தால் கூரியர்காரர் உண்மை நிறையைப் பார்க்கமாட்டார். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார். 675 கிராம். காற்றுக்கும் சேர்த்துக் கூலி கட்டுகிறோம். டீசேர்ட்டில் வேறு சிக்கல். ஐந்து அளவு, ஆண் பெண் வெட்டு, குறைந்தபட்ச ஓடர். முடிவில் நடு அளவு போதாமல் போகும், மிகப் பெரியதும் மிகச் சிறியதும் அலுமாரியில் தூங்கும்.

கணக்குப் போடும்போது நாங்கள் பின்பற்றும் அளவு இது: கைம்மாறைச் செய்யும் செலவு, பொதி செய்யும் செலவு, தபால் மூன்றும் சேர்ந்து அவர் தந்த தொகையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. தளத்தின் கழிவை முதலில் எடுத்துவிடவேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் 5 சதவீதம் தளத்துக்கு, 3 சதவீதமும் 20 சதமும் அட்டைக் கட்டணத்துக்கு. 25 டொலர் தந்தால் 2 டொலர் 20 சதம் வழியிலேயே போகும். மிச்சம் 22.80. தபால் அதில் 12 டொலர் என்று வைத்துக்கொண்டால் நூலை அச்சிடும் காசு, உறை, ஒட்டுநாடா எல்லாம் போக ஆக்கத்துக்கு என்ன மிஞ்சும்? ஆகவே வெளிநாட்டுத் தபாலைத் தொகைக்குள் அடக்காமல் தனிவரியாகக் காட்டுங்கள். தருகிறவர் அதைப் புரிந்துகொள்வார்.

இனி, படைப்பின் உள்ளேயிருந்து எடுக்கக்கூடியவை. எங்களுக்கு மிகவும் பிடித்தது ஓஃப்செட் அச்சுத் தகடு, அதாவது பக்கங்களை அச்சிட இயந்திரத்தில் பூட்டும் தகடு. அச்சு முடிந்ததும் அந்த அலுமினியத் தகடுகள் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். ஏ5 அளவில் 160 பக்க நூலென்றால், எட்டுப் பக்கம் ஏறும் இயந்திரத்தில் 20 தகடு, நான்கு பக்கம் ஏறும் சிறிய இயந்திரத்தில் 40 தகடு. எப்படியானாலும் பக்கத்துக்கு ஒரு துண்டாக 160 துண்டு கிடைக்கும். பிரிவுகளுக்கு இடையே வெறுமையாக விட்ட பக்கங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தத் தகட்டில் எழுத்து தலைகீழாகவோ இடவலம் மாறியோ இராது, நேராகவே வாசிக்கலாம். 47ஆம் பக்கத்துக் கவிதை ஒருவருக்குப் பிடித்திருந்தால் அந்தப் பக்கம் அச்சான தகடே அவருடையது. அப்படியொன்று உலகத்தில் வேறு யாரிடமும் இராது.

இதைச் செய்யச் சில முன்வேலை வேண்டும். அச்சு ஓடுவதற்கு முன்பே அச்சகத்தாரிடம் சொல்லி, தகட்டுக்கு அவர்களுக்குக் கிடைக்கும் பழைய உலோக விலையைக் கொடுத்துவிடுங்கள். கேட்காமல் விட்டால் அடுத்த நாள் இராது. ஓட்டம் முடிந்த கையோடு மையைத் துடைத்து, ஈரப்பஞ்சால் பசைப்பூச்சுப் போட்டு வைக்கச் சொல்லவேண்டும். மை காய்ந்துவிட்டால் பிறகு துடைப்பது கடினம். கடதாசி வெட்டும் இயந்திரத்தில் தகட்டை வைக்கவேண்டாம், அலகு கெட்டு அச்சகத்தாரோடு மனத்தாங்கலாகும். தகரக் கத்தரியால் வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, விளிம்பை அரத்தால் தேய்க்கவேண்டும். தேய்க்காத விளிம்பு பிளேட்போல் கையைக் கிழிக்கும். 0.3 மில்லிமீற்றர்த் தகட்டில் ஏ5 துண்டு ஒன்று 25 கிராம்தான். மெல்லிய தாளில் சுற்றி நூலோடு சேர்த்தே அனுப்பலாம். சுற்றாமல் வைத்தால் எஞ்சிய மை பக்கங்களில் படியும். இருநூறு பிரதி டிஜிட்டலில் அடிப்பவர்களுக்குத் தகடே கிடையாது. சிறு வேலைகளுக்குப் போடும் பிளாஸ்டிக் தகடு சுருண்டு போகும், கைம்மாறுக்கு உதவாது. இரண்டையும் பட்டியல் போடுவதற்கு முன் கேட்டு அறியுங்கள்.

இலக்கமிட்ட பிரதி இன்னொன்று. பில் புத்தகத்துக்கு இலக்கமடிக்கும் இயந்திரம் கொட்டாஞ்சேனைப் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் உண்டு. உள்தலைப்புத் தாளைக் கட்டுவதற்கு முன் அதில் ஓட்டினால் 1 முதல் 100 வரை துப்புரவாக விழும். கட்டிய பிறகு நினைத்துக்கொண்டால் கையால்தான் எழுதவேண்டும்.

பெயர் அச்சிடுவதுதான் செலவில்லாத கைம்மாறு. ஆனால் அதிக மனத்தாங்கல் வருவதும் இதனால்தான். பெயரை நீங்கள் தட்டவேண்டாம், தருகிறவரே தமிழில் தட்டித் தரட்டும். முதலெழுத்தும் அவர் எழுதியபடியே. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பட்டியல் யூனிகோட்டில் வரும், அச்சகத்தில் பக்கம் கட்டுவது இன்னும் பல இடங்களில் பாமினியில். பாமினி எழுத்துருவில் ஆங்கில விசைக்குத் தமிழ் எழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் தன் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்துக் 'கே' என்று தட்டியிருந்தால் பாமினியில் அது 'மு' ஆகிவிடும். கே. சிவகுமார் எல்லாப் பிரதியிலும் மு. சிவகுமாராக அச்சாகிவிடுவார், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், ஏனென்றால் பார்வைக்கு அது சரியான பெயர். 'ஸ்ரீ'யும் மாற்றத்தில் அடிக்கடி உடையும். பக்கம் கட்டியபின் பெயர்ப்பக்கத்தை மட்டும் பிடிஎஃப் ஆக எல்லோருக்கும் அனுப்பி, ஐந்து நாள் தவணை கொடுத்துத் திருத்தம் வாங்குங்கள். தொகை வாரியாக அடுக்கவேண்டாம், அகரவரிசை போதும். பெயர் வேண்டாம் என்பவருக்கு ஒரு கட்டமும் வையுங்கள்.

குறும்படத்தில் பெயர் போடுவதற்கும் கணக்கு உண்டு. 300 பெயரை மூன்று நிரலாக அடுக்கினால் 100 வரி. கண் தொடரக்கூடிய வேகத்தில் ஒரு நிமிடமாவது ஓடும். விழாக்களில் மொத்த நேரத்துக்கு எல்லை வைத்திருந்தால் அந்த ஒரு நிமிடம் படத்தை வெளியே தள்ளலாம். பெயர் முழுவதும் ஓடும் பிரதியை ஆதரவாளர்களுக்கும் சுருக்கப் பிரதியை விழாவுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடவேண்டும். நாடகக்காரருக்கு ஒத்திகை பார்க்க ஓர் அழைப்பு, மேடையில் பயன்பட்ட ஒரு பொருள், குறிப்பெழுதிய பிரதி என்று கையிலேயே வேண்டியது கிடக்கிறது.

புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு மிகப் பொருத்தமானது என்று நாங்கள் கருதுவது நினைவுப் பிரதி. அம்மா அப்பா நினைவாக ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் எப்போதும் உண்டு. 31ஆம் நாளுக்கு மலர் அச்சிடுகிறவர்கள் அல்லவா? அவர் தரும் பணத்துக்கு ஒரு பிரதியை அவர் படித்த ஊர்ப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்து, உள்ளட்டையில் 'இன்னார் நினைவாக' என்று ஒரு சிறு சீட்டு ஒட்டி, நூலகப் பதிவேட்டில் அந்த நூல் பதியப்பட்ட வரியைப் படமெடுத்து அவருக்கு அனுப்பலாம். வெளிநாட்டுத் தபால் செலவு ஒரு சதமும் இல்லை. பதிவேட்டில் பேனையால் எழுதிய அந்த ஒற்றை வரி, தாயின் பெயரோடு, அவருக்குக் கோப்பையைவிட எத்தனையோ மடங்கு பெரிது. சீட்டை மாப்பசையால் ஒட்டவேண்டாம், வெள்ளிப்பூச்சி வரும். வெள்ளைப் புத்தகப் பசையை மெல்லிதாகப் பூசுங்கள். அதிபரிடமும் நூலகப் பொறுப்பாசிரியரிடமும் முதலில் சம்மதம் பெறவேண்டும். ஒரு பாடசாலைக்கு ஒன்றிரண்டு பிரதிக்கு மேல் கொண்டுபோய்க் குவிக்கக்கூடாது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து அனுப்புவதை அறவே தவிர்க்கவேண்டும். பதிவேட்டு வரி போதும்.

பனையோலைப் பொருள் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொழும்பின் ஈரக்காற்றில் வைத்த ஓலைப் பெட்டியை அப்படியே பிளாஸ்டிக் பையில் மூடினால் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடவேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பும் உலர்ந்த தாவரப் பொருளைப் படிவத்தில் மறைக்காமல் எழுதவேண்டும். பூச்சித் துளையோ விதையோ கண்டால் அங்கே மருந்தடிப்பார்கள் அல்லது அழித்துவிடுவார்கள்.

தபாலுக்கு வருவோம். 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாளில் 160 பக்க ஏ5 நூல் உள்தாள் மட்டும் 200 கிராம், 300 ஜிஎஸ்எம் அட்டையோடு 220. உறையும் தடிப்பு அட்டையும் சேர்த்து 260 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஜிஎஸ்எம் தாளுக்குப் போனால் உள்தாளே 250 கிராமைத் தொடும். பக்க எண்ணிக்கையையும் தாளையும் முடிவு செய்தபின் வெற்றுத் தாளில் ஒரு மாதிரி கட்டித் தபால் நிலையத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டே தொகையை அறிவியுங்கள். வெளிநாட்டுப் பிரதியின் பக்கங்களை இழையால் தைத்துக் கட்டச் சொல்லுங்கள். சூட்டுப் பசையில் மட்டும் ஒட்டிய முதுகு கனடாக் குளிரில் இறுகி, விரித்ததும் வெடித்துப் பக்கம் கழரும்.

பொதியில் சிஎன்22 சுங்கச் சீட்டு வேண்டும். நூலென்று தெளிவாக எழுதி, நிறையும் பெறுமதியும் போடுங்கள். நூலுக்கான சுங்க வகைக் குறியீடு 4901. பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவதை 'அன்பளிப்பு' என்று எழுதுவது பொய் அறிவிப்பு, பொதி மாட்டினால் பெறுபவர்தான் அலையவேண்டும். 2021 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறு பொதிக்கிருந்த வற் (பெறுமதி சேர் வரி) விலக்கு இல்லை. அமெரிக்காவில் 800 டொலர் வரையான விலக்கு 2025 ஓகஸ்ட் 29உடன் போய்விட்டது. பிரித்தானியாவில் அச்சு நூலுக்கு வற் பூச்சியம், கோப்பைக்கு அப்படியல்ல. நூலையே கொடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். முகவரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில், தபால் குறியீட்டோடும் தொலைபேசி இலக்கத்தோடும் எழுதவேண்டும். பணம் வாங்கிய நாளில் முகவரி கேட்கவேண்டாம், அனுப்பும் மாதத்தில் கேளுங்கள். இடையில் வீடு மாறியிருப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நம்பித் தந்த முகவரி அது.

பணம் வரும் வழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினர் பெயரில் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் ஒப்பந்தப்படி பொறுப்பாளி அந்த உறவினர்தான். பணம் அவர் கணக்கில் விழும், வரிக்காரரும் அவரையே கேட்பார். சொல்லிப் புரியவைத்து, எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொண்டே இறங்கவேண்டும். உள்ளூரில் நேரே வங்கிக் கணக்கில் வாங்குபவர்களுக்கு யார் போட்டது என்று தெரியாத வரவுதான் தலையிடி. இதற்கு எளிய வழி, ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து அதைத் தொகையோடு சேர்ப்பது. 17ஆம் ஆதரவாளர் 5,000க்குப் பதில் 5,017 ரூபா போடட்டும். வங்கிக் கூற்றைப் பார்த்த உடனேயே ஆள் தெரிந்துவிடும்.

தவணை சொல்லும்போது தாராளமாகச் சொல்லுங்கள். கிக்ஸ்டார்ட்டர் பணம் திரட்டல் முடிந்து இரண்டு வாரத்தின் பின்னரே கைக்கு வரும். நவம்பர், டிசம்பரில் அச்சகங்கள் கலண்டரிலும் டயரியிலும் மூழ்கிக் கிடக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போனால் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாகும். மூன்று மாதமென்று தோன்றினால் ஐந்து மாதமென்று அறிவியுங்கள். 2014இல் ஒரு குளிர்பெட்டிக்காக 62,000 பேரிடம் 13 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டிய கூலெஸ்ட் கூலர் 2019இல் மூடியபோது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினருக்குப் பொருள் போய்ச் சேரவில்லை. செய்யும் செலவைக் குறைத்துப் போட்ட கணக்கு அது. நம்முடைய முந்நூறு பிரதிக்கும் அதே கணக்குத்தான். 100க்கு 5 பிரதி கூடுதலாக அடித்து வையுங்கள், தபாலில் தொலைந்ததற்கும் நனைந்ததற்கும் மறுபேச்சின்றி மாற்றுப் பிரதி அனுப்ப அது உதவும்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய அறிவிப்புகளைச் செய்தியாக வெளியிடும்போது நான்கு விவரத்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: கேட்கும் தொகை எவ்வளவு, அது சேராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, கைம்மாறு எந்த மாதத்தில் கிடைக்கும், வெளிநாட்டுத் தபால் செலவு யாருடையது. நூல் வெளிவந்ததும் நிதி தந்தவர்களின் பெயர்களைத் தங்கள் வார இதழில் சிறு எழுத்தில், கட்டணமின்றி, ஒரு நிரலில் வெளியிட முடியுமானால் அந்த நறுக்கைப் பல வீடுகளில் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அச்சு, பதிப்புத் தொழிலிலுள்ள வாசகர்கள் சிலர்,
கொழும்பு 13.